மந்திரம் பாதி, மையல் பாதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மிகுபுனைவுக் காதல் நாவல்களும் அறிவியல் புனைவுக் காதல் நாவல்களும் நிறையப் படிக்கிறேன். டிராகன், சாபம், அரியணை எல்லாம் இருக்கும். படித்து முடித்தால் சாதாரணக் காதல் கதைக்கு மாறுவேடம் போட்ட மாதிரிதான் இருக்கும். விண்வெளிக் கதைகளிலும் விண்கலத்தை எடுத்துவிட்டுக் கப்பலைப் போட்டால் ஒரு வரிகூட மாறாது. இந்த வகையே இப்படியா, எனக்கு வாய்த்த புத்தகங்கள்தான் இப்படியா?

பதில்: வகையின் குற்றமில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் குறை இந்த வகையில் அதிகம். நாவலைப் பாதி படித்ததும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இருவரும் சேரவிடாமல் தடுப்பது எது? பதிலை ஒரே வரியில் எழுதுங்கள். 'அவன் வேறொருத்தியை விரும்புவதாக அவள் தப்பாக நினைத்துவிட்டாள்' என்று வந்தால் அந்த உலகத்தில் டிராகனுக்கு வேலையே இல்லை. இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் கதை முடிந்துவிடும். அப்படிப் பேசிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் ஆசிரியர் போர், கடத்தல், தீவிபத்து என்று ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டிருப்பார்.

இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: 'அவள் மந்திரத்தால் ஒரு காயத்தை ஆற்றினால் தன் நினைவிலிருந்து ஒரு நாளை இழப்பாள், அவனோ போர்வீரன்.' அவன் அடிபட்டு வரும் ஒவ்வொரு முறையும் இருவரும் பழகிய நாட்களில் ஒன்று போகிறது. எந்த நாள் போகும் என்பது அவள் கையில் இருக்கிறதா? அவன் காயத்தை மறைப்பானா? மறைத்தால் அதை அன்பு என்பதா, வஞ்சனை என்பதா? இந்தக் கதையில் மந்திரத்தை எடுத்தால் காதல் நிற்காது, காதலை எடுத்தால் மந்திரத்துக்கு அர்த்தமில்லை. உலகத்தின் விதியும் காதலின் தடையும் ஒன்றாகவே இருக்கும் நாவல்களைத் தேடுங்கள். அப்படி இல்லாதவற்றைப் பொழுதுபோக்குக்குப் படிப்பதில் தப்பில்லை, ஆனால் டிராகனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: காதல் நாவல் என்று நம்பி அறுநூறு பக்கம் படித்தேன். கடைசியில் நாயகன் செத்துப்போனான். இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: அட்டையில் எப்படி விற்றார்கள் என்பதைப் பொறுத்தது. 1980-ல் தொடங்கிய ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு, காதல் நாவலுக்கு இரண்டே நிபந்தனை வைத்தது: காதல்தான் மையக் கதையாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். மிகுபுனைவு நாவலுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அதில் காதல் ஒரு கிளைக்கதையாக வந்து துயரத்தில் முடியலாம்.

எது எந்த வகை என்று பின்னட்டைக் குறிப்பிலேயே ஓரளவு தெரியும். முதல் இரண்டு வாக்கியங்களிலேயே இருவரும் வந்து, அவர்களுக்குள் என்ன சிக்கல் என்று சொல்லப்பட்டால் பெரும்பாலும் காதல் நாவல். நான்கு வரி அரசியலும் போரும் பேசிவிட்டு ஐந்தாவது வரியில் 'அங்கே அவள் ஒருவனைச் சந்திக்கிறாள்' என்றால் மிகுபுனைவு நாவல், உயிருக்கு உத்தரவாதமில்லை.

கேள்வி: 'விதித்த துணை' கதைகள் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. பார்த்தவுடன் மந்திரப் பிணைப்பு விழுந்துவிட்டால் அப்புறம் காதலிக்க என்ன மிச்சம்? என் தோழியோ அந்தச் சுகத்துக்காகவே படிக்கிறேன் என்கிறாள்.

பதில்: உங்கள் தோழிக்குக் கிடைப்பது நிச்சயம். 'இவன்தான்' என்று தெரிந்துவிட்டதால், எப்படிச் சேரப்போகிறார்கள் என்பதை நிம்மதியாகப் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியது சந்தேகம். இரண்டும் நியாயமான ருசிதான்.

ஆனால் பிணைப்பை நன்றாக எழுதுவதும் மோசமாக எழுதுவதும் வேறு வேறு. பிணைப்பு 'யார்' என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். 'ஏன் இவள்', 'எனக்குச் சம்மதமா' என்ற இரண்டும் பாத்திரங்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். இதற்குப் பல வழிகள் உண்டு. பிணைப்பு ஒருவருக்கு மட்டும் தெரியலாம். அவர் சொல்வாரா, மறைப்பாரா என்பதே கதையாகும். மறுக்க முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு என்று வைக்கலாம். இருவரும் மனமார நெருங்கிய பிறகு, நாவலின் முக்கால் பங்கில் பிணைப்பு தெரியவந்தால் அது தீர்வாக இருக்காது, குழப்பமாகத்தான் வரும்: நான் விரும்பியது நானாகவா, இதன் தூண்டுதலாலா? இந்தக் கடைசி வகை எழுதக் கடினம். அதனால்தான் அபூர்வம்.

கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். நாயகனின் பொறாமை, வழிமறிப்பு, அவள் யாரோடு பேசலாம் என்ற அதிகாரம், எல்லாவற்றுக்கும் 'பிணைப்பு அப்படிச் செய்கிறது' என்று சாக்கு. பிணைப்பு தெரிந்த பிறகு அவள் ஒருமுறையாவது 'வேண்டாம்' என்கிறாளா, அதை அவன் ஏற்று விலகி நிற்கிறானா என்று பாருங்கள். அந்தக் காட்சி இல்லாத நாவலை உங்கள் தோழிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: ஒரு நாவலில் நாயகன் ஒளியின் பாதி வேகத்தில் போய் இரண்டு ஆண்டில் திரும்புகிறான், காதலி எழுபது வயதுக் கிழவி. அழுதேன். ஆனால் அறிவியல்படி இது நடக்குமா?

பதில்: அழுதது வீண்போகவில்லை, கணக்குதான் தப்பு. வேகம் கூடக்கூடக் கலத்துக்குள் காலம் மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் ஒளியின் வேகத்தை நெருங்கும்வரை அந்த வித்தியாசம் அற்பம். ஒளியின் பாதி வேகத்தில் கலத்தில் இரண்டு ஆண்டு கழிந்தால் பூமியில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நான்கு மாதம். காதலிக்கு ஒரு நரைகூட விழாது. 90 சதவீத வேகத்தில் பூமியில் 4.6 ஆண்டு, 99 சதவீதத்தில் சுமார் 14 ஆண்டு. 99.9 சதவீதத்தில்தான் ஏறத்தாழ 45 ஆண்டு ஆகும். இருபத்தைந்து வயதுக்காரி எழுபது ஆக வேண்டுமானால் ஆசிரியர் போட்டிருக்க வேண்டிய எண் அது.

அதிலும் ஒரு சிக்கல். அந்த வேகத்தைப் படிப்படியாகத்தான் எட்ட வேண்டும். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் போனால் 99.9 சதவீதத்தைத் தொடவே கலத்துக்குள் 3.7 ஆண்டு பிடிக்கும். அதைவிடப் பல மடங்கு வேகமாக முடுக்கினால் பயணி நசுங்கிப்போவான். போகும்போது முடுக்கம், வேகக்குறைப்பு, திரும்பும்போது மறுபடி இரண்டும் என நான்கு கட்டம் உண்டு. உடல் தாங்கும் முடுக்கத்தோடு, பூமியில் சரியாக 45 ஆண்டு கழியும்படி கணக்குப் போட்டால், கலத்தில் சுமார் 12 ஆண்டு ஆகும். உச்ச வேகம் ஒளியின் 99.6 சதவீதம், சுமார் 20 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். அதாவது இருபத்தேழு வயதில் போனவன் முப்பத்தொன்பதில் வருவான், அவளுக்கு எழுபது.

கதையாகப் பார்த்தாலும் இதுதான் கனமானது. இரண்டு ஆண்டு என்றால் அவன் மாறாமலே வந்து நிற்கிறான், இழப்பெல்லாம் அவளுக்குத்தான். பன்னிரண்டு ஆண்டு தனிமையில் அவனும் வேறு ஆளாகியிருப்பான். கணக்கைச் சரியாகப் போட்ட ஆசிரியருக்கு இப்படி ஒரு நல்ல அத்தியாயம் இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: செவ்வாயில் வேலை செய்பவனும் பூமியில் இருப்பவளும் தினம் இரவு வீடியோ காலில் பேசுவதாக ஒரு காதல் கதை எழுதுகிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த வீடியோ காலை எடுத்துவிடுங்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சமிக்ஞை போகக் குறைந்தது 3 நிமிடம். கோள்கள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்போது 22 நிமிடம். 'எப்படி இருக்கே?' என்று கேட்டுவிட்டு, நெருக்கமான காலத்திலேயே ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். தூரமான காலத்தில் முக்கால் மணி நேரம். நேருக்கு நேர் பேச்சு சாத்தியமில்லை, பதிவு செய்து அனுப்பலாம். நிலவில் அவனை வைத்தால் சமிக்ஞை போய்ச்சேர 1.3 நொடிதான், பேசலாம், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் சங்கடமான ஓர் இடைவெளி விழும். கோபித்துக்கொண்டாளா, சமிக்ஞை வரவில்லையா என்று அவனுக்குத் தெரியாது.

'தினம் இரவு' என்பதும் உதைக்கும். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி. இன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் இரவு என்றால் நாளை நாற்பது நிமிடம் தள்ளிப்போகும். மூன்றே வாரத்தில் அவன் தூங்கப்போகும்போது அவளுக்குப் பகல். மறுபடி ஒத்துவரச் சுமார் 37 நாள். தவிர, ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டுக்கும் நடுவே வரும். அப்போது சுமார் இரண்டு வாரம் செவ்வாய்க்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பது வழக்கம். சண்டை போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதற்குள் இந்த மௌனம் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், வில்லனே தேவையில்லை.

எழுதும்போது ஒரு தாளில் ஒவ்வொரு செய்தியும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகள் வழியில் குறுக்கே கடக்கும். அவள் 'இனி எழுதாதே' என்று அனுப்பிய பத்தாவது நிமிடம் அவனுடைய 'வந்துவிடுகிறேன்' அவளுக்குக் கிடைக்கும். அது அவள் செய்திக்கு முன்பே புறப்பட்டது. தாளில் குறிக்காமல் எழுதினால் மூன்றாம் அத்தியாயத்திலேயே யாருக்கு எது தெரியும் என்பது குழம்பி, இன்னும் வந்து சேராத செய்திக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கூர்மையான வாசகர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

கேள்வி: ஐந்நூறு வயது நாயகன், பத்தொன்பது வயது நாயகி. எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு?

பதில்: எனக்கும்தான். ஆனால் எண்ணைவிட அதிகமாக உறுத்துவது, ஐந்நூறு ஆண்டு வாழ்ந்தவன் இருபத்தைந்து வயதுக்காரன்போல் யோசிப்பது. அத்தனை காலம் வாழ்ந்தவனிடம் புதைத்த நண்பர்கள், வழக்கொழிந்த பேச்சு, எதற்கும் அவசரப்படாத குணம், யாரோடும் ஒட்டாத பயம் எல்லாம் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் சாகாவரம் வெறும் அலங்காரம்.

சமநிலைக்கு, அவனிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருக்க வேண்டும்: அவனுக்குத் தடைப்பட்ட அறிவோ, அதிகாரமோ, எழுந்து போய்விடும் சுதந்திரமோ. நாயகிக்கு வயதை முப்பதாக்கித் தொழில் ஒன்றைக் கொடுத்தாலே பாதி உறுத்தல் போய்விடும். பல ஆசிரியர்கள் ஏன் அதைச் செய்வதில்லை என்று புரியவில்லை.

முடிவையும் பாருங்கள். அவளும் சாகாவரம் பெறலாம், அவன் துறக்கலாம், அல்லது அவளுடைய ஆயுள் வரைதான் என்று இருவரும் ஏற்கலாம். எதுவானாலும் அதற்கான வழியும் விலையும் நாவலின் முதல் பாதியிலேயே வந்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் முதன்முறையாக ஒரு மூலிகை முளைத்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

கேள்வி: காதலிக்கும்படியே நிரல் எழுதப்பட்ட ரோபோவின் காதல் காதலாகுமா?

பதில்: மறுக்கும் திறன் அதற்கு உண்டா என்பதை நாவல் முதலில் சொல்லட்டும். சொல்லாமல் கண்ணீர் வடிப்பதில் பயனில்லை.

கேள்வி: முதல் மிகுபுனைவுக் காதல் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உலகத்தை விவரிக்கவே ஐந்து அத்தியாயம் போய்விட்டது. நாயகன் இன்னும் வரவில்லை.

பதில்: அந்த ஐந்தையும் குறிப்பேடாக வைத்துக்கொண்டு ஆறாவதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலப் பதிப்புலகில் இந்த வகை நாவல் சுமாராக 90,000 முதல் 1,20,000 சொற்கள் இருக்கும். உங்களுடையது எவ்வளவு நீளமானாலும் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் இருவரும் சந்தித்துவிட வேண்டும். முதல் அத்தியாயத்தில் புதிய பெயர்கள் நான்கைத் தாண்ட வேண்டாம். இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கவும் வேண்டாம். உலகத்தின் விதிகளில் காதலைத் தொடுகிற விதியை மட்டும் முதலில் காட்டுங்கள், அதையும் யாராவது மீறி அடிபடுகிற காட்சியாக.

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் கெடுவது கடைசிக் கால்பங்கில்தான். போரின் உச்சம் ஓரிடத்தில், காதலின் உச்சம் இன்னோரிடத்தில் என்று நாவலுக்கு இரண்டு வால் முளைத்துவிடும். போர் முடிந்த பிறகு நாற்பது பக்கம் மனஸ்தாபம் தீர்ப்பார்கள்; படிப்பவருக்கு மூச்சு வாங்கும். ஒரே முடிவு இரண்டையும் தீர்க்கும்படி அமையுங்கள். முதல் பதிலில் சொன்ன, மந்திரத்தால் காயம் ஆற்றுபவளின் உதாரணத்தில், படையைக் காப்பாற்ற ஒரே இரவில் அவள் இருநூறு பேரை ஆற்ற வேண்டும் என்று வையுங்கள். போரும் அங்கேதான் தீர்கிறது, காதலும் அங்கேதான். இருநூறு நாள் போய்விட்டவளிடம் அவன் மறுநாள் காலை என்ன சொல்வான் என்பது உங்கள் கடைசி அத்தியாயம். நம்பிக்கையான முடிவு வேண்டுமென்றால், அவள் தினமும் எழுதிவைத்த நாட்குறிப்பை மூன்றாம் அத்தியாயத்திலேயே மேஜைமேல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: தொடர் நாவல்களில் முதல் பாகமே அந்தரத்தில் நிற்கிறது. வாங்குமுன் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இரண்டாம் பாகத்தின் பின்னட்டைக் குறிப்பைப் படியுங்கள். அதே ஜோடி வந்தால் முதல் பாகம் முடியாமல்தான் நிற்கும். வேறு ஜோடி என்றால் ஒவ்வொரு பாகமும் தனிக்கதை, தைரியமாக வாங்கலாம். அதே ஜோடி, இன்னும் வெளிவராத மூன்றாம் பாகம் என்றால் காத்திருங்கள்.