பெங்களூரில் பொங்கல் ஏன் கடைப் பண்டிகையாகிவிட்டது?

முதல் காரணம் நேரம். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் அரசு விடுமுறை. மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் பெரும்பாலும் ஆபீஸிலேயே கழியும். அந்த ஒரு நாளையும் தள்ளுபடி விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. அடுக்ககங்களில் பானை வைப்பதுகூட மேடையில்தான், பின்னால் வீட்டுக் கடன் பேனர்.

சின்ன வயதில் அல்சூரில் அம்மா கே.ஆர். மார்க்கெட் போய்க் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வருவார். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம், பக்கத்து வீட்டுக் கன்னட அக்கா எள்ளு பெல்லா தருவார். வெல்லமும் கொப்பரையும் பொடிப்பொடியாக நறுக்கி, எள்ளும் வேர்க்கடலையும் வறுத்துச் சேர்க்க வேண்டும். வீடே கூடி உட்கார்ந்து செய்கிற வேலை அது. இப்போது பாக்கெட்டில் வருகிறது. அப்படிக் கூடி உட்கார்ந்ததுதான் எனக்குப் பண்டிகை. போனது அதுதான்.