மகள் சான்றிதழில் பெயர் இல்லை, கணவருக்குச் சான்றிதழே இல்லை

கேள்வி: என் மகள் கீர்த்தனாவுக்கு 12 வயது. 2013 ஆகஸ்டில், தாய்வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, தென்காசி நகராட்சிக்குள் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். அப்போது வாங்கிய பிறப்புச் சான்றிதழில் அவள் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. என் பெயர் முத்துலட்சுமி. அதில் முத்துலெட்சுமி என்று இருக்கிறது. நாங்கள் வசிப்பது கோயம்புத்தூரில். இங்கே உள்ள சுகாதார அலுவலகத்தில் "எங்களால் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதால் குடும்ப விசாவுக்கு எல்லோருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அவரோ 1984இல் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர். அவருக்குச் சான்றிதழ் எடுத்ததே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கோவையில் சொன்னது சரிதான். பிறப்பைப் பதிவது பிறந்த ஊரில்தான், குடியிருக்கும் ஊரில் அல்ல. தாய்வீட்டில் பிரசவம் பார்க்கும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில் பாதி அலைச்சல் இதனால்தான் வருகிறது. மகளின் பதிவு தென்காசி நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் இருக்கிறது. பெயர் சேர்ப்பதும் திருத்துவதும் அங்கேதான் நடக்கும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மகளின் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தால் அது பிழையல்ல, அவள் பிறந்த அன்றைய நிலை. அதை மாற்றக் கேட்டு ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

பெயரைச் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். கையில் உள்ள சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று தேதிகள் இருக்கும்: பிறந்த தேதி, பதிவு செய்த தேதி, சான்றிதழ் வழங்கிய தேதி. 15 ஆண்டை நடுவில் உள்ள பதிவுத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு 2028 வரை இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் உள்ள பதிவு எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் பதிவேட்டில் உங்கள் பக்கம் நிமிடங்களில் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் தேடுவதற்கே ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம்.

எடுத்துப் போக வேண்டியவை: பெயரில்லாத மூலச் சான்றிதழ், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, உங்கள் இருவரின் ஆதார், மகளின் ஆதார், பெயர் சேர்க்கக் கோரும் விண்ணப்பம். விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் கையெழுத்து இல்லை என்பதற்காகவே கோயம்புத்தூர் வரை திரும்பி வர நேரும். கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அனுபவத்தில் அவசரப்பட்டுக் கெட்டுப்போவது பெயரை எழுதித் தரும் அந்த ஒரு வரிதான். ஒருமுறை ஏறிய பெயரை வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். தமிழில் "கீர்த்தனா" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஆங்கிலத்தில் எப்படி அடிப்பது என்பதைத் தட்டச்சு செய்பவர் முடிவு செய்வார். "கீ"க்கு இரண்டு "இ" போடுவதா, ஒரு "ஐ" போடுவதா? "த்த"வுக்கு "டி"யோடு "ஹெச்" உண்டா, இல்லையா? ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி என்று ஆனால் விசா அலுவலகத்தில் இரண்டும் வேறு ஆட்கள். ஆகவே பள்ளிப் பதிவேடு, ஆதார் இரண்டிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சரிபாருங்கள். இல்லையென்றால் எது நிலைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதையே பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு விண்ணப்பத்தில் எழுதுங்கள். அடுத்தது இனிஷியல். பெயருக்கான கட்டத்தில் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தந்தை பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதும்போது மறுபடியும் இரண்டு பெயர்கள் ஆகிவிடும்.

இனி உங்கள் பெயர். இதில் முதலில் தெரிய வேண்டியது, தவறு சான்றிதழில் மட்டும் இருக்கிறதா, பதிவேட்டிலேயே இருக்கிறதா என்பது. மருத்துவமனை அனுப்பும் பிறப்பு அறிக்கைப் படிவத்தின் சட்டப் பகுதியைத்தான் பதிவாளர் கோத்துப் பதிவேடாக வைத்திருப்பார். அதாவது, பிரசவ நாளில் மருத்துவமனையில் யாரோ நிரப்பிய தாளே பதிவேடு. அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அங்கே "முத்துலட்சுமி" என்று சரியாக இருந்து, சான்றிதழில் மட்டும் "லெ" விழுந்திருந்தால், திருத்தம் என்ற பேச்சே வேண்டாம். பதிவேட்டின்படி புதிய படி தரச் சொன்னால் போதும். தாளிலேயே "லெ" இருந்தால் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அப்போதும் பழைய எழுத்தை அழிக்கமாட்டார்கள். ஓரத்தில் சரியானதை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுவார்கள். இதற்கு மகள் பிறப்பதற்கு முன்பே உங்கள் பெயர் எப்படி இருந்தது என்று காட்டும் ஆவணம் வலுவானது: உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று. போன வருடம் எடுத்த அட்டை அவ்வளவு எடுபடாது.

பெயர் சேர்ப்பு, திருத்தம் இரண்டையும் ஒரே பயணத்தில் கொடுங்கள். இரண்டும் முடிந்த பிறகே புதிய படி வாங்குங்கள். மூன்று படியாவது வாங்கி வையுங்கள். முகப்பிலேயே, அலுவலரின் முன்னால் நின்று, ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்றான அபோஸ்டில் ஒட்டுவதும் முத்திரை குத்துவதும் அந்தத் தாளின் மேல்தான். பிளாஸ்டிக் உறைக்குள் போனால் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கும் இது இல்லாமல் ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால் கவலைப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். மகளும் கணவரும் அதற்கு முன் பிறந்தவர்கள். பள்ளிச் சான்று போன்றவை போதும். அந்த வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். குடும்ப விசாவில் பார்ப்பது தேதியை மட்டுமல்ல, யாருக்குப் பிறந்த குழந்தை என்பதையும். அதனால்தான் இவ்வளவு பாடு.

கணவருடைய விஷயத்தில், பதிவே இல்லை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். வீட்டில் பிறந்த குழந்தையையும் அந்நாளில் கிராமத்தில் எழுதி வைத்திருக்கக்கூடும்; சான்றிதழ் வாங்காமல் விட்டிருப்பார்கள். பழைய கிராமப் பதிவேடுகளை முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

எந்தத் தேதியில் தேடச் சொல்வது என்பதுதான் கேள்வி. பள்ளித் தேதியைக் கொடுத்துத் தேடி, "இல்லை" என்று வாங்கிக்கொண்டு திரும்புபவர்கள் நிறைய. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வயது கூட்டி, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவது சாதாரணம். மாமியாரிடம் ஜாதகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 1984 ஏப்ரலில் பிறந்த ரக்தாட்சி வருடம் 1985 ஏப்ரல் வரை ஓடியது. "ரக்தாட்சி வருடம் தை மாதம்" என்று ஜாதகத்தில் இருந்தால் அது 1985 ஜனவரி, பிப்ரவரி; 1984 பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்காது. மார்கழிக் குழந்தையைத் தை பிறந்த பிறகு போய் எழுதியிருந்தாலும் அடுத்த ஆண்டுப் பதிவேட்டில்தான் இருக்கும். எனவே 1983 முதல் 1985 வரை மூன்று ஆண்டுக்கும் தேடச் சொல்லுங்கள். பெயரைப் பார்க்காமல் தந்தை, தாய் பெயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் எழுதாமல் "ஆண்" என்று மட்டும் இருக்கலாம். அப்படிக் கிடைத்தால் 15 ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. பழைய பதிவுகளுக்கு அரசு 2014, 2019, 2024 என்று கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்திருப்பதால், இன்று நடப்பில் உள்ள ஆணை எது என்று கேட்டு, அதன்படி விண்ணப்பியுங்கள்.

உண்மையிலேயே இல்லையென்றால் பதிவில்லை என்பதற்கான சான்றைப் படிவம் 10இல் எழுத்தாக வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய இப்போது நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை போதும். கோட்டாட்சியரையும் ஆர்.டி.ஓ. என்பார்கள்; ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகம் என்று கேட்டால் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்கு வழிகாட்டிவிடுவார்கள், கவனம். படிவம் 10, பள்ளிச் சான்று, ஆதார், பெற்றோரின் அடையாளச் சான்று, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை தருவார். பிறப்பை அறிந்த ஊர்ப் பெரியவர் இருவரை முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிரமாணத்தில் உண்மைத் தேதியைத்தான் சொல்ல வேண்டும். அது பள்ளித் தேதியிலிருந்து வேறுபட்டால், மனு போடும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; பிறகு இரண்டு தேதிகளோடு விசா கேட்க முடியாது.

ஆணை வந்ததும் அதைப் பதிவாளரிடம் கொடுத்துப் பதிந்து, சான்றிதழ் வாங்கலாம். அதில் பிறந்த தேதி பழையதாகவும் பதிவுத் தேதி இந்த ஆண்டாகவும் இருக்கும். விசா அலுவலகம் காரணம் கேட்கும் என்பதால், கோட்டாட்சியர் ஆணையின் நகலையும் அந்தச் சான்றிதழோடு சேர்த்தே அனுப்புங்கள்.