தகுதி இருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை, வழக்கு நிற்குமா?

கேள்வி: மாநில அரசுப் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். மூன்று ஆண்டு அனுபவம் போதும் என்றது அறிவிப்பு, எனக்கு நான்கு இருக்கிறது. இப்போது, விண்ணப்பங்கள் குவிந்துவிட்டதால் ஆறு ஆண்டு உள்ளவர்களுக்கு மட்டும்தான் நேர்முகம் என்கிறார்கள். வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அறிவிப்பை நம்பிப் படித்துக் காத்திருந்தவருக்கு இது பெரிய வேதனைதான். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்துப் போனால் வழக்கு நிற்பது கஷ்டம். மத்தியப் பிரதேசத்தில் தொழிலாளர் நீதிமன்றத் தலைமை அதிகாரி பதவிக்கு, வழக்கறிஞராக ஐந்து ஆண்டு இருந்தால் போதும் என்பது சட்டம். விண்ணப்பம் அதிகம் என்று தேர்வாணையம் ஏழரை ஆண்டுக்காரர்களை மட்டும் அழைத்தது. உயர் நீதிமன்றம் அதைத் தவறு என்றது, ஆனால் 1994-ல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றுவிட்டது. தகுதியை மாற்றவில்லை, வந்தவர்களை வடிகட்டியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தது.

வடிகட்டாமல் விட்டாலும் ஆபத்துதான். ஹரியானாவில் 61 இடங்களுக்கு 1,300 பேருக்கும் மேல் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். எழுத்துத் தேர்வில் பின்தங்கியவரை நேர்முக மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்து மேலே தூக்கிவிட இது வசதியாகிவிடும் என்பதால், ஓர் இடத்துக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போதும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, உங்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அந்த ஆறு ஆண்டு வரம்பை எப்போது, எதை வைத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் 13 மொழிபெயர்ப்பாளர் இடங்களுக்கு 21 பேர் தேர்வு எழுதினார்கள், எழுதி முடித்த பிறகு 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்றார்கள், மூன்று பேர்தான் தேறினார்கள். அந்த வழக்கில்தான் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது என்பதை உறுதி செய்தது. தேர்வின் ஏதாவது ஒரு கட்டத்துக்கு அளவுகோல் வைக்க விதி இடம் கொடுத்தால், அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், அது தன்னிச்சையாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆகவே அறிவிப்பை முதலில் முழுதாகப் படியுங்கள். 'விண்ணப்பங்கள் அதிகமானால் சுருக்கப் பட்டியல் தயாரிக்கப்படும்' என்பது மாதிரி வரி எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கை தளரும், இல்லையென்றால் கொஞ்சம் பலம். நான்கு, ஐந்து ஆண்டுக்காரர் யாரையாவது அழைத்திருந்தால் அது பெரிய பலம், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே கோடாக இருக்க வேண்டும். முடிவெடுத்த தேதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள், ஆனால் பதிலுக்கு 30 நாள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். நேர்முகம் முடிந்து பட்டியல் வந்துவிட்டால் தேர்வானவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டிவரும், வழக்கு சிக்கலாகிவிடும். பணி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசின் முடிவை எதிர்த்துப் போடும் மனு) போடும்போதே, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு உங்களையும் தற்காலிகமாக நேர்முகத்தில் கலந்துகொள்ள விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்லுங்கள்.