பட்டாபி முதல் 'பார்க்கிங்' வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' நாடகத்தில் பட்டாபியாக வந்த காலத்தில் இருந்தே எனக்கு எம்.எஸ்.பாஸ்கரைப் பிடிக்கும். 2025இல் தேசிய விருது அறிவித்தபோது எங்கட அண்ணா, "பகிடி நடிகருக்கு எதுக்கு இந்த விருது?" என்று கேட்டார். அவருடைய படங்களை ஒழுங்காகப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் அண்ணாவை இருத்தி வைத்து 'மொழி' படத்தைப் போட்டுக் காட்டுங்கோ தங்கச்சி. 2007இல் ராதாமோகன் எடுத்தது. மகனை இழந்த 1984ஆம் ஆண்டோடு நினைவு நின்றுபோன பேராசிரியர் வேடம் பாஸ்கருக்கு. அந்த வருசத்துச் சங்கதிகளை நேற்று நடந்த மாதிரி வந்து கதைப்பார், நாங்களும் சிரித்துக்கொண்டே இருப்போம், பிறகு ஒரு கட்டத்தில் மகன் இல்லை என்பது அவருக்கு உறைக்கும், அப்போது அவர் அழுகிற அழுகை இருக்கிறதே, அதற்குப் பிறகு பகிடி நடிகர் என்ற கதை அண்ணாவின் வாயில் வராது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த ஊர் எங்கட ஊர். இங்கே இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் கூடுதலாக வலிக்கும்.

அப்புறம் 'சூது கவ்வும்' (2013). அதில் லஞ்சம் வாங்காத அமைச்சராக வருவார், வீட்டுக்குள்ளேயே அவருடைய நேர்மைக்கு மதிப்பில்லை. அடுத்தது '8 தோட்டாக்கள்' (2017). அதைக் கட்டாயம் பாருங்கோ. வாழ்க்கை கைவிட்ட ஒரு முன்னாள் பொலிஸ்காரர், கொள்ளையில் இறங்குகிறார், அந்த மனிதர் தன் கதையைத் தானே சொல்லும் இடத்தில் பாஸ்கர் குரலை உயர்த்தவே மாட்டார். குரல்தான் அவருடைய பெரிய சொத்து, அவர் டப்பிங் கலைஞராகவும் நிறைய வேலை செய்தவர். ஒரு காட்சியைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

கடைசியாக 'பார்க்கிங்' (2023). ஓய்வுபெறப் போகிற அரசாங்க உத்தியோகத்தர், மேல்வீட்டுக்குக் குடிவந்த பெடியனோடு கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை. பட்டாபியை ரசித்த உங்களுக்கே இந்த மனிதர் மேல் கோபம் வரும். இந்த வரிசையில் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது தெரியும். ஆனால் அவர் பெயர் போட்ட எல்லாப் படத்தையும் தேடிப் பார்க்க வேண்டாம், பல படங்களில் இரண்டு காட்சிக்கு வந்துவிட்டுப் போகத்தான் விட்டிருக்கிறார்கள். அது எனக்கு இப்பவும் மனத்தாங்கல்.

கேள்வி: அந்த விருதை இன்னொருவரோடு பங்கு போட்டவராமே, அப்போ அது அரை விருதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை, இருவருக்கும் முழு விருதுதான். 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் என்று 'பார்க்கிங்'குக்காக இவரையும், 'பூக்காலம்' என்ற மலையாளப் படத்துக்காக விஜயராகவனையும் தெரிவு செய்தார்கள். சிறந்த தமிழ்ப் படமும் 'பார்க்கிங்'தான்.

கேள்வி: '96' படத்தில் இளவயது ராமாக வருபவர் இவருடைய மகனா?
– மாணவி, உரும்பிராய்

பதில்: ஓம், ஆதித்யா பாஸ்கர்.

கேள்வி: இந்திய நடிகர்களையே கதைக்கிறோம். எங்கட ஆட்களில் இப்படித் தொடர்ந்து பார்க்கக்கூடிய ஒருவரைச் சொல்லுங்கோ.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கே.எஸ்.பாலச்சந்திரன். கரவெட்டிக்காரர். மேடை, வானொலி, சினிமா, தொலைக்காட்சி என்று எல்லாவற்றிலும் நடித்தவர். 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் அவர் ஒருவரே பஸ் கொண்டக்டராக நின்று கதைக்க, ஏறுகிற சனம், இறங்குகிற சனம், நெரிசல் எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். வானொலியில் 'தணியாத தாகம்', சினிமாவில் 1978இல் வந்த 'வாடைக்காற்று'. பிறகு கனடாவில் வாழ்ந்து 2014இல் காலமானார். இவரைப் பார்க்கத் தொடங்குவதென்றால் 'அண்ணை றைற்'தான் முதல், அதுவும் வீட்டில் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கோ, அதில் வரும் வசனங்களைப் பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.