தூத்துக்குடியில் தங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு போய்வர ஏற்ற கடற்கரைகள் எவை?

பொங்கல் விடுமுறைக்குத் தூத்துக்குடியில் மூன்று நாள் தங்குகிறோம், நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியோடு அம்மா, எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். காலம் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு விருந்தாள் வந்தால் ஒன்று குற்றாலம், அங்கே தண்ணீர் விழாத மாதமென்றால் கடல் என்பது எழுதப்படாத சட்டம். அதனால் இந்தக் கரையில் பிள்ளைகளை மேய்த்த பழக்கம் எனக்கு நிறையவே உண்டு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகப் போகக் கடலின் குணம் மாறும். தூத்துக்குடிக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா. அந்தப் பக்கம் இலங்கை மறித்து நிற்கிறது. இந்தப் பக்கம் கரையோரமாகச் சின்னத் தீவுகளும் பவளப் பார்களும் கிடக்கின்றன. பெரிய அலை இதையெல்லாம் தாண்டிக் கரைக்கு வரும்போது பாதி சத்து போயிருக்கும். அந்தக் காலத்திலிருந்தே கப்பல்கள் இங்கே ஒதுங்கியதற்கும் அதுதான் காரணம். மணப்பாட்டைத் தாண்டிவிட்டால் அந்த மறைவு குறைந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று போகப்போக இந்தியப் பெருங்கடலின் அலை நேராக வந்து மோதும். அதனால் மணப்பாடு வரைக்கும் இடம் பார்த்துப் பிள்ளைகளைத் தண்ணீரில் விடலாம். அதற்குத் தெற்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி. என் வீட்டில் இதுதான் வழக்கம்.

ஊருக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் இருக்கின்றன. வந்து இறங்கின அன்று சாயங்காலத்துக்கு இவை போதும். குளிக்கிற இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். அம்மா ஒரு பெஞ்சில் உட்காரலாம், பிள்ளைகள் ஓடலாம், காற்று வரும். பனிமய மாதா கோவிலும் அதே சாலைப் பக்கம்தான், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். திரும்பும்போது ஏதாவது ஒரு பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்தது, வாயில் போட்டால் கரைந்துவிடும். ஈரக் காற்றில் வைத்தால் பிசுபிசுத்துப் போகும், அதனால் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

முயல் தீவு துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. பெயரில் மட்டும்தான் தீவு. இப்போது சாலை வழியாகவே போகலாம். மண்டபம் பக்கம் இதே பெயரில் நிஜத் தீவு ஒன்று இருக்கிறது, இணையத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தூத்துக்குடி முயல் தீவில் தண்ணீர் ஆழமில்லாமல், அலையும் பெரிதாக இல்லாமல் இருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு உங்கள் மூன்று நாளில் இதுதான் நல்ல இடம். நிழல் குறைவு. காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஊரே சட்டியும் பானையுமாக அங்கேதான் இருக்கும். அந்தக் கூட்டம் ஒரு அழகுதான், ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரசிக்கிற அழகு இல்லை.

படகில் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி அள்ளினார்கள். தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மிச்சம் இருக்கிற தீவுகளாவது இருக்கட்டும்.

இரண்டாம் நாள் திருச்செந்தூர்ப் பக்கம். தூத்துக்குடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். போகிற வழியே பிள்ளைகளுக்குப் பாதி வேடிக்கை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். தை மாதத்தில் மழைத்தண்ணீர் வடிந்து பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள், ஆங்காங்கே உப்பு அம்பாரம் மூடிக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் கண்ணில் படும். முக்காணியில் தாமிரபரணியைக் கடந்ததும் காட்சி அப்படியே மாறி வாழைத்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் வந்துவிடும். ஒன்று சொல்லணும், தைப்பூசம் வரைக்கும் இந்தச் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். ராத்திரியில் வண்டி ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

திருச்செந்தூருக்குச் சற்று முன்னால் காயல்பட்டினம். இந்தக் கடற்கரையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யாரும் பேசுவதில்லை, எனக்கோ குடும்பத்தோடு உட்கார இதைவிட நல்ல கரை இந்தப் பக்கம் கிடையாது. அகலமான மணல். அசர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்த நேரத்திலிருந்து ஊர்க் குடும்பங்கள் பாய், பிளாஸ்க் சகிதம் வந்து வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடும். பாட்டி, பேத்தி, கைக்குழந்தை எல்லாரும் இருப்பார்கள். கூச்சல் போடுகிற கூட்டம் இல்லை. நாமும் அதற்குத் தகுந்த மாதிரி உடுத்திக்கொண்டு, குப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தால் போதும். உங்கள் அம்மா மணலில் கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார இடம் கிடைத்துவிடும், மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் இருந்தால் இன்னும் நல்லது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதென்று செய்தியில் அடிபட்டதே, அது இந்த ஊர்தான்.

திருச்செந்தூரில் கடலில் குளிக்காமல் வர உங்கள் அம்மா சம்மதிக்கமாட்டார்கள். கடலில் முழுகி, பிறகு நாழிக்கிணற்றில் குளித்து, அப்புறம் செந்திலாண்டவனைக் கும்பிடுவது முறை. நாழிக்கிணறு என்பது பெரிய கிணற்றுக்குள்ளே ஓரடி அகலத்தில் ஒரு சின்னக் குழி. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அதில் ஊறுகிற தண்ணீர் உப்பில்லாமல் இருக்கும். சூரனோடு சண்டை போட்ட படைகளின் தாகத்துக்காக முருகன் வேலால் குத்தியது என்பது கதை. படி இறங்கணும், ஈரமாக இருக்கும், அம்மாவின் முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே நின்று யாரையாவது ஒரு வாளி மொண்டு ஊற்றச் சொன்னாலும் புண்ணியம் குறையாது.

இங்கே கடலில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் சில நேரம் உள்வாங்கும். பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும். எல்லாரும் அதன்மேல் ஏறி நின்று செல்பி எடுப்பார்கள், வழுக்கி விழுவதும் அங்கேதான். கொஞ்ச வருஷமாகக் கடல் அரிப்பும் சேர்ந்து, சில இடத்தில் மணல் திடீரென்று பள்ளமாக இறங்குகிறது. எனவே கூட்டம் குளிக்கிற இடத்திலேயே, முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) உடம்பில் பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவுங்கள். தேய்த்தால் எரிச்சல் கூடும். வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

மூன்றாம் நாளை மணப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. குலசையில் முத்தாரம்மன் தசரா சமயமென்றால் காளி வேஷத்தைப் பார்த்துச் சின்னது அலறும். தையில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு சேதி சொல்லிவையுங்கள்: இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினது இந்த ஊர்ப் பக்கம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடுகிற ராக்கெட் இலங்கைமேல் போகாமல் வளைந்து போகணும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து விட்டால் நேரே தெற்குதான்.

மணப்பாட்டில் கடலை ஒட்டி ஒரு பெரிய மணல் மேடு. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோவில். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதன் அடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மேட்டின்மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் அலை உருண்டு உருண்டு வரும், பலகையை எடுத்துக்கொண்டு அலைச்சறுக்கு ஆட வெளிநாட்டுக்காரர்கள்கூட வருகிறார்கள். இன்னொரு பக்கம் கருமேனியாறு கடலைச் சேரும் இடத்தில் மணல் திட்டு மறித்து, தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் குளம்தான்.

பத்து மணி வெயிலில் அந்தத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். கணுக்கால் அளவில் நின்றால் விரல் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்து காலைச் சுற்றிவிட்டு, ஒரு விரலை அசைத்தால் சிதறி ஓடும். ஈர மணலில் சின்ன நண்டுகள் மிளகு அளவில் உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள் ஒவ்வொரு வளையைச் சுற்றியும் பூக்கோலமாகப் பரவியிருக்கும். என் மகள் ஒரு வளையின் வாசலில் உட்கார்ந்தால் நண்டு வெளியே வருகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டாள்; நண்டும் லேசில் வராது.

ஆனால் திட்டு நிலையானது இல்லை. மழைக்கு ஒரு மாதிரி, காற்றுக்கு ஒரு மாதிரி இடம் மாறும். போன தடவை நின்ற இடத்தில் இந்தத் தடவை ஆழம் இருக்கலாம். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, புள்ளையள அந்த வாய்ப்பக்கம் விடாதீய. மண்ணு புதுசா விழுந்தது, கால வச்சா உள்ள வாங்கிப்புடும். இந்தால நிக்கச் சொல்லுங்க." அதனால் போனதும் முதல் வேலையாக ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள். "அண்ணாச்சி, புள்ளைங்க எங்க நிக்கலாம்?" என்று கேட்டால் யாரும் தப்பாகச் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்கு மேடு ஏறுவது சிரமம், கோவில் வரை வண்டி போகிற வழியையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். சுக்கு, ஏலம் போட்ட சில்லுக்கருப்பட்டி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தையில் பனங்கிழங்கும் கட்டுக் கட்டாக வந்துவிடும்.

அலை அடிக்கிற எந்தக் கரையிலும் பார்க்க வேண்டிய ஒன்று: இரண்டு பக்கமும் நுரை பொங்கி அலை உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அலை இல்லையே என்று அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது, ஆளையும் சேர்த்து இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று உயர்ந்து வந்து அடிக்கும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் உயிர் போனது அப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்கோயிஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கோடையில் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் இறைக்கும், ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிள்ளைகளோடு வர தை, மாசிதான்.

நேரம் மிச்சமிருந்தால் மணப்பாட்டிலிருந்து இன்னும் தெற்கே உவரி. சுயம்புலிங்க சுவாமி கோவிலில் வேண்டுதலுக்காகக் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து கரையில் குவிப்பார்கள். அதே ஊரில் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோவில், மேலே ஒரு விமானமும் இருக்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளும் அதைவிட்டு நகரமாட்டார்கள். கடலில் மட்டும் இறக்காதீர்கள், அங்கே அலை வேறு ரகம். அந்தோணியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.