பொன்னிறம் என்றால் ஆரியஸ்தானா?

வணக்கம் சார். நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். மடிநோய் கண்ட பசுவின் பாலை அகார் தட்டில் வளர்த்தபோது பொன்மஞ்சளாகத் திட்டுகள் வந்தன. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்று எழுதிவிட்டேன். பிளாஸ்மா உறையும் சோதனையில் உறையவில்லை, விடை தவறு என்று அடித்துவிட்டார்கள். ஆரியஸ் என்றாலே பொன் என்றுதானே பொருள்? நிறத்தை நம்பக்கூடாது என்றால் அந்தப் பெயர் எதற்கு?
– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் செய்ததைத்தான் 1884இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அறுவை மருத்துவர் ரோசன்பாக்கும் செய்தார். சீழிலிருந்து எடுத்து வளர்த்ததில் பொன்னிறமாக வந்தது ஆரியஸ், வெள்ளையாக வந்தது ஆல்பஸ். மறு ஆண்டே எலுமிச்சை மஞ்சளுக்கு சிட்ரியஸ் என்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே திராட்சைக்கொத்துதான். பாவம், பிரித்துக் காட்ட நிறத்தை விட்டால் அன்றைக்கு வேறு என்ன இருந்தது?

சிக்கல் பசுவிடம் வரும்போதுதான். குரோமோஜீன்ஸ் என்று ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ் உண்டு. பெயரின் பொருளே 'நிறம் உண்டாக்குவது'. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டெவ்ரீஸும் கூட்டாளிகளும் 1978இல் இதை ஹையிகஸ் என்ற இன்னொரு ஸ்டெஃபைலோகாக்கஸின் துணையினமாக விவரித்தார்கள். ஹையிகஸ் பன்றிக்குட்டிகளுக்குத் தோல்நோய் தருவது, நிறமில்லாதது. 1986இல் குரோமோஜீன்ஸ் தனி இனமாயிற்று. பசுவின் மடியில் இது சர்வசாதாரணம். மடி வீங்காது, பால் பார்வைக்கு மாறாது, பாலில் செல் எண்ணிக்கை மட்டும் ஏறும். மஞ்சளாக வளரும், ஆனால் ஆரியஸைப் போலப் பிளாஸ்மாவை உறையவைக்காது. உங்கள் தட்டில் வந்தது இதுவாக இருக்கலாம். அந்தப் பக்கம், பசுவிலிருந்து எடுக்கும் ஆரியஸிலேயே சில வெள்ளையாகத்தான் இருக்கும்.

போதாக்குறைக்கு நிறமும் ஒரே மாதிரி நிற்பதில்லை. ஆரியஸின் நிறமி ஸ்டெஃபைலோசாந்தின், கேரட்டின் நிறமிக்கு உறவுக்காரன். 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் வெளிறிக் கிடக்கும் தட்டு, அப்புறம் அறைச் சூட்டில் விட்டுவைத்தால் மெல்ல மஞ்சள் பிடிக்கும். பால் சேர்த்த அகாரில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அவசரக்காரரும் பொறுமைசாலியும் ஒரே கிருமிக்கு இரண்டு பெயர் வைக்கலாம்! அந்த நிறம் நமக்காக இல்லை. வெள்ளை அணுக்கள் வீசும் ஆக்சிஜன் நஞ்சைத் தாங்க அது கிருமிக்குக் கவசம். 2005இல் சான் டியாகோவில் நிறமி இல்லாத வகையை உருவாக்கிப் பார்த்தபோது அது சுலபமாக மடிந்தது.

பெயர் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் அதை மாற்றுவது பாக்டீரியா பெயர்விதிகளில் இல்லை. அதனால் ஆரியஸ் நின்றுவிட்டது. ஆல்பஸ்தான் எபிடெர்மிடிஸ் ஆகிவிட்டது.

சரி, ஒரு கேள்வி. பிளாஸ்மா குழாயை 4 மணி நேரத்தில் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்களா, 24 மணி நேரம் வரை வைத்திருந்தார்களா? 4 மணியில் உறையாமல் மறுநாள் உறையும் ஆரியஸும் உண்டு. முதலில் அதை விசாரித்து எழுதுங்கள்.