சதாவதானியின் மூளை பெரிதா?

கேள்வி: செய்குத்தம்பிப் பாவலர் ஒரே அமர்வில் நூறு பேரின் கேள்விகளுக்கு ஈடுகொடுத்தார் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். எனக்கோ பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனால், வீட்டில் சொல்லியனுப்பிய ஆறு சாமான்களில் இரண்டு மறந்துவிடுகிறது. இதற்கென்று மூளையில் தனி இடம் உண்டா? அவருக்கு அது பெரிதாக இருந்திருக்குமா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: இடலாக்குடியில் பிறந்த பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு செய்திகளில் கவனம் வைக்கும் கலை, நிகழ்த்தினார். அவர் மூளையை அளந்தவர் எவருமில்லை. ஆயினும் அளவில் விசேஷம் இருந்திருக்காது என்றே கருதுகிறேன்.

ஒரு வேலை முடியும்வரை சில செய்திகளை மனத்தில் ஏந்தி நிற்கும் செயல்நினைவு, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்நெற்றிப் புறணியோடு (புறணி என்பது மூளையின் மேலடுக்கு), குறிப்பாக அதன் மேற்பக்கவாட்டுப் பகுதியோடு, நெருங்கிய தொடர்புடையது. 1930-களில் உளவியலாளர் கார்லைல் ஜேக்கப்சன், இரு கிண்ணங்களில் ஒன்றின் அடியில் உணவை வைப்பதைக் குரங்குக்குக் காட்டி, திரையை இறக்கி, சில நொடிகள் கழித்துத் தேடவிட்டார். இருபுறமும் அப்புறணி அகற்றப்பட்ட குரங்குகள் தடுமாறின. இதைக் கொண்டு நினைவு தங்குமிடமே அதுதான் என்று முடிவுகட்டிவிடலாகாது. ஏனெனில், காத்திருக்கும் நொடிகளில் விளக்கை அணைத்துவைத்தால் அத்தகைய குரங்குகளும் பெருமளவு சரியாகத் தேடுகின்றன என்று 1942-இல் மால்மோ என்ற உளவியலாளர் காட்டினார். ஆக, மனத்தில் ஏந்தியதைப் புறத்தொந்தரவு கலைக்காமல் காப்பதே அப்பகுதியின் பெரும்பணி எனலாம். பொருள் இருந்த இடத்தைக் குறித்துவைப்பதில் மூளையின் மேற்பின்பகுதியான உச்சிமடலுக்கும், எந்தப் புதுச் செய்தியை உள்ளே விடுவது என்பதில் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புமுடிச்சுகளுக்கும் பங்குண்டு.

இவையெல்லாம் சேர்ந்தும் ஒரு நேரத்தில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ நான்குதான் என்பது 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் முன்வைத்த கணிப்பு. ஆறில் இரண்டை விட்டுவருவது நோயன்று, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது!

பயிற்சியால் மாறுவது வேறொன்று. 1980-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏழு இலக்கங்களை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்த கல்லூரி மாணவர், நீண்ட பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்கள்வரை சொன்னார். ஆனால் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறைத் தாண்டவில்லை. ஓட்டப்பந்தய வீரரான அவர், இலக்கங்களைத் தாம் நன்கறிந்த ஓட்ட நேரங்களாகக் கோத்து நெடுநாள் நினைவில் ஏற்றிக்கொண்டார். யாப்பில் ஊறிய பாவலருக்குச் சீரும் தளையும் எதுகையும் அந்த உதவியைச் செய்திருக்க வேண்டும்.

தங்களுக்கும் அது கைகூடும். தேங்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், இஞ்சி, எலுமிச்சை என்று ஆறாகச் சுமக்காமல், "இன்றைக்குச் சொதி" (நம் திருநெல்வேலித் தேங்காய்ப்பால் குழம்பு) என்று ஒன்றாக ஏந்திப் போங்கள். நம் ஊர்க்காரருக்கு மற்றவை தாமே வந்து நிற்கும். சொதியில் சேராத சோப்பையும் தீப்பெட்டியையும் சீட்டில் எழுதிக்கொள்வதுதான் உத்தமம்.